அந்தமான் சுற்றுலாவில் நேர்ந்த சேவைக் குறைபாடு குறித்த புகார் கடிதம்

அனுப்புநர்:
தங்கள் அந்தமான் சுற்றுலாவின் பயணி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சுற்றுலா நிறுவனம், புதுச்சேரி.

பொருள்: பயணத் திட்டத்தில் உறுதியளித்த இடங்களைக் காண முடியாமல் போனதற்கு இழப்பீடு கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். கடந்த டிசம்பரில் தங்கள் நிறுவனத்தின் மூலம் என் தாயாருடனும் குடும்பத்தாருடனும் அந்தமான் சென்று வந்தேன். அறை, உணவு, கப்பல் பயணச்சீட்டு எதிலும் குறையில்லை. ஸ்ரீ விஜயபுரத்தில் (பழைய போர்ட் பிளேர்) எங்களுக்கு வண்டி ஓட்டிய தமிழ்த் தம்பி, செல்லுலார் சிறையின் படிகளில் என் தாயாரைக் கைப்பிடித்து ஏற்றி இறக்கியதை நன்றியுடன் குறிப்பிடுகிறேன். என் புகார் முழுவதும், இங்கே அலுவலகத்தில் அந்தப் பயணத் திட்டத்தைத் தயாரித்தவர்கள் மீதுதான்.

முதலாவதும் பெரியதுமான குறை ராதாநகர் கடற்கரை பற்றியது. 2004இல் ‘டைம்’ இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரையாகத் தேர்ந்தெடுத்ததைத் தங்கள் கையேடு பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறது, அதன் கீழே “மாலை 5.30, சூரிய அஸ்தமனம்” என்றும் இருக்கிறது. அந்தமான் நம்மைவிட வெகு கிழக்கே இருந்தும் கடிகாரம் ஒன்றேயாதலால், அங்கே டிசம்பரில் ஏறத்தாழ ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. புதுச்சேரியைவிட இது சுமார் 50 நிமிடம் முன்னதாகும். தாங்கள் குறித்த நேரத்திற்கே வண்டி எங்களைக் கொண்டுபோய் இறக்கியது. மரங்களுக்கு அடியில் இருட்டு கட்டியிருந்தது. உயிர்காப்புப் பணியாளர்கள் விசில் ஊதி, தண்ணீரில் நின்றவர்களைக் கரைக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். புதுச்சேரியில் கடலில் சூரியன் உதிப்பதைக் காணலாமே தவிர மறைவதைக் காண முடியாது. என் தாயார் அந்த ஒரு காட்சிக்காகவே முழங்கால் வலியோடு வரச் சம்மதித்தார். மறுநாள் காலையிலேயே எங்களுக்குக் கப்பல் என்பதால், மீண்டும் போகவும் வழியில்லை.

ஷஹீத் தீவில் (நீல்) இருக்கும் இயற்கைப் பாலத்திற்கு எங்களை நண்பகலில் அழைத்துச் சென்றார்கள். பவளப் பாறையால் ஆன அந்த வளைவின் அடிக்குக் கடல் வற்றியிருக்கும் நேரத்தில் மட்டுமே நடந்து போக முடியும். அப்போதுதான் பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் சிறு மீன்களையும் கடல் வெள்ளரிகளையும் பார்க்கலாம். நாங்கள் போனபோது நீர் முழுவதும் ஏறியிருந்ததால், “இங்கிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார் வழிகாட்டி. நீர் ஏறி இறங்கும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பது கடலோரத்தில் வாழும் எவருக்கும் தெரிந்தது. இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் அந்த அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுகிறது. எல்லாத் தேதிகளுக்கும் ஒரே நேரத்தை அச்சிட்டு வைத்திருப்பது அலட்சியம் அன்றி வேறில்லை.

ஜாலி பாய் தீவை எங்களுக்குத் திங்கட்கிழமைக்கு ஒதுக்கியிருந்தீர்கள். மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்த அத்தீவுக்குத் திங்கட்கிழமை வார விடுமுறை. வண்டூர் படகுத்துறை வரை போய்த் திரும்பிய எங்களை, அதற்கு ஈடாக நகரத்தை ஒட்டிய கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் இறக்கிவிட்டார்கள். பவளப் பாறைகளைக் காணச் சென்றவர்களுக்கு அந்த மணற்கரை எவ்வகையிலும் ஈடாகாது. அனுமதிச் சீட்டுக்கும் படகுக்கும் பெற்ற தொகையும் இதுவரை திரும்பி வரவில்லை. தொலைபேசியில் கேட்டால், “அங்கே உள்ளவர்களிடம் பேசுகிறோம்” என்ற பதிலோடு சரி.

எனவே, ஜாலி பாய் தீவுக்கான முழுத் தொகையையும், ராதாநகர், இயற்கைப் பாலம் ஆகிய இரண்டிற்கும் வண்டிக்காகவும் வழிகாட்டிக்காகவும் பெற்ற கட்டணத்தையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அத்துடன், அடுத்துப் பயணம் செய்யும் குடும்பங்களுக்காவது அஸ்தமன நேரம், நீர்வற்றும் நேரம், விடுமுறை நாள் ஆகியவற்றைத் தேதிவாரியாகச் சரிபார்த்துத் திட்டத்தைத் திருத்த வேண்டும். கட்டண ரசீதுகளையும் தங்கள் கையேட்டின் நகலையும் இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழ்ப் புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)