வெல்வெட் திரைச்சீலை: வெட்டும் முன் தடவிப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வீட்டிலேயே திரைச்சீலை தைப்பது பற்றித் தங்கள் மகளிர் பக்கத்தில் வந்த குறிப்பு பருத்தித் துணிக்குச் சரி. 'வெல்வெட்டுக்கும் இதே முறைதான்' என்று அதில் சேர்த்திருப்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. அதை நம்பி வெட்டினால் விலையுயர்ந்த துணி வீணாகும்.

வெல்வெட்டின் ரோமம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். கையால் தடவினால் ஒரு திசையில் வழுக்கும், எதிர்த்திசையில் சொரசொரக்கும். ஒரு பாகத்தை நேராகவும் இன்னொன்றைத் தலைகீழாகவும் வெட்டிவிட்டால், ஒரே தானில் எடுத்த துணியே இரண்டு நிறமாகத் தெரியும். தைத்த பிறகு இதற்குப் பரிகாரம் இல்லை. ஆகவே வெட்டும் முன்பே எல்லாப் பாகத்தின் பின்புறமும் சாக்கட்டியால் ஒரே திசையில் அம்புக்குறி போடுங்கள். ரோமம் மேல்நோக்கி இருந்தால் நிறம் அழுத்தமாகத் தெரியும். ஆனால் திரைச்சீலைக்குக் கீழ்நோக்கி இருப்பதே நல்லது. தூசி தட்டுவது சுலபம்.

துணிக் கணக்கும் இதனால் மாறுகிறது. 60 அங்குலக் கம்பிக்கு, 54 அங்குல அகலத் துணியில் இரண்டு பாகம் போதும். வெல்வெட் கனமானது, மெல்லிய துணிக்கு விடும் அளவு கொசுவ மடிப்பு இதற்குத் தேவையில்லை. உயரம் 84 அங்குலம் என்றால் ஓர மடிப்புக்கு மேலே 4, கீழே 4 சேர்த்து 92. இரண்டு பாகத்துக்கு 184 அங்குலம், அதாவது சுமார் நாலே முக்கால் மீட்டர். மிச்சம் பிடிக்கத் துணியைத் திருப்பிப் போட்டு வெட்ட வழியில்லை.

பலர் தோற்றுப்போவது தைக்கும்போதுதான். ரோமமுள்ள இரு பக்கங்களும் எதிரெதிரே உரசும்போது ஒன்றையொன்று தள்ளும். மெஷின் பல் அடித்துணியை இழுக்க, மேல்துணி அதை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸர் ஃபுட்டில் தங்கிவிடும். நீளத் தையலின் கடைசியில் பார்த்தால் ஒன்று நீண்டு நிற்கும். குண்டூசி மட்டும் குத்தினால் இது நிற்காது. தையல் கோட்டுக்கு இருபுறமும் கையால் இரண்டு வரிசை கச்சாத் தையல் (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்க்கவே கூடாது. பிறகு பிரஸ்ஸர் ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைத்து, 14 அல்லது 16 நம்பர் ஊசி போட்டு, தையல் நீளத்தை 3 முதல் 3.5 மில்லிமீட்டர் வரை வைத்து, ரோமம் சாயும் திசையிலேயே மெதுவாக ஓட்டுங்கள். மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் இருந்தால் மிக நல்லது. குண்டூசி தேவைப்பட்டால் தையலுக்கு விட்ட ஓரத்தில் மட்டும் குத்துங்கள், முகப்பில் குத்தினால் தடம் நிற்கும். வெட்டிய ஓரத்திலிருந்து ரோமம் உதிர்ந்து பாபின் பெட்டியில் அடையும். அவ்வப்போது பிரஷ்ஷால் துடைத்தெடுங்கள்.

நல்ல பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே வேண்டாம். நசுங்கிய ரோமம் பளபளவென்று தடமாக நின்றுவிடும். தடித்த டவலையோ மிஞ்சிய வெல்வெட் துண்டையோ விரித்து, அதன்மேல் துணியைக் கவிழ்த்துப் போட்டு, பின்புறமிருந்து ஆவி மட்டும் காட்டுங்கள்.

கீழ் ஓரத்தை அவசரமாக மடிக்காதீர்கள். கனத்தால் துணி சற்று இறங்கும். கம்பியில் இரண்டு நாள் தொங்கவிட்டு, பிறகு அளந்து, ஒரே மடிப்பாக மடித்துக் கையால் தையுங்கள். இரட்டை மடிப்பு தடித்து, முன்பக்கம் கோடு விழும். பின்பக்கம் வைத்துத் தைக்கும் லைனிங் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். திரையைவிட ஓர் அங்குலம் குட்டையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தையல் ஆசிரியை ஒருவர்