சகதி 15 அடி போக 105 அடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பவானிசாகர் அணை நீர்மட்டத்தைத் தினமும் போடுகிறீர்கள், எங்கள் வீட்டில் அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற செய்தியெல்லாம். அணை நிறையும் சமயத்தில் கூடவே ஒரு வரி தவறாமல் வரும்: சகதி 15 அடி போக உயரம் 105 அடி, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. நான் பத்திரிகை படிக்க ஆரம்பித்த நாளிலும் அதே 15, இன்றைக்கும் அதே 15. நடுவில் ஒரு கூடை மண்கூடவா வந்து சேரவில்லை?

போன மழைக்காலத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் நீலகிரி மலையில் குந்தா பக்கம் போயிருந்தேன். அங்கே கேரட் தோட்டத்தில் பாத்தி சரிவுக்குக் குறுக்கே இல்லை, மேலிருந்து கீழே நேராக இறங்குகிறது. கேட்டால், குறுக்கே போட்டால் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகிவிடும் என்கிறார் தோட்டக்காரர், அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் அரை மணி நேர மழையில் அந்தப் பாத்தி நடுவே ஓடிய தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து ஜன்னலோரம் வைத்தேன், காலையில் பார்த்தால் அடியில் ஒரு விரல் தடிமனுக்கு மண். அந்த ஓடை குந்தா ஆற்றில் சேர்ந்து, பில்லூர் அணை வழியாக எங்கள் அணைக்குத்தான் வருகிறது.

ஒரு காலத்தில் அங்கே மேட்டில் புல்லும் பள்ளத்தில் சோலையும் இருந்தன. வெள்ளைக்காரன் காலத்தில் உருளைக்கிழங்கு, தேயிலை, கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸ், சீகை என்கிற வாட்டில் மரம் எல்லாம் வந்தன, இப்போது கேரட், பூண்டு. தேயிலையைக்கூட ஒப்புக்கொள்வேன், மூடி வளர்ந்துவிட்டால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கேரட்டுக்கு ஒவ்வொரு போகத்துக்கும் மண்ணைக் கிளறியாக வேண்டும். இதைவிட மோசம், இரண்டு மேட்டுக்கு நடுவே இருக்கிற சதுப்பை வாய்க்கால் வெட்டி வடியவிட்டு விதைப்பது. மழையில் குடித்ததை மாசி பங்குனி வரை கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற இடம் அது. அதை வடித்துவிட்டால் மழையன்றே வெள்ளம், கோடையில் ஓடை காய்ந்துவிடும்.

மலைக்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அணையிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் 2.07 லட்சம் ஏக்கரைப் பாதி பாதியாகப் பிரித்து, ஒரு முறை நெல்லுக்கு, மறுமுறை கடலை, எள் மாதிரிப் புன்செய்ப் பயிருக்குத் தண்ணீர் விடுவதாகத்தான் ஏற்பாடு. இன்று வாய்க்கால் கரையில் நடந்தால் தென்னை, கரும்பு, வாழை. முறை முடிந்ததும் கிணற்றில் மோட்டாரைப் போட்டு விடுகிறோம். என் தோப்பும் அதில் சேர்த்திதான்.

சரிவைப் படிப்படியாக வெட்டிக் கல் கட்டினால் மண் நிற்கும். அந்தச் செலவு சின்ன விவசாயிக்குத் தாங்காது. மண் அங்கேயே நின்றால் லாபம் எங்களுக்கும், பில்லூர்த் தண்ணீரைக் குடிக்கிற கோவைக்கும்தானே? அப்படியானால் செலவில் ஒரு பங்கு கீழே இருந்தும் அரசு வழியாகப் போகட்டும். சதுப்பில் மட்டும் இனி யாரையும் விதைக்க விடக்கூடாது. விவசாயிகள் கூட்டம் ஒன்றில் இதைச் சொல்லப் போக, முதலில் முறைத்தண்ணீரைப் பேசுங்கள் என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். அணையில் சேற்றைக் கடைசியாக எந்த வருஷம் அளந்தார்கள், எவ்வளவு இருந்தது என்று விசாரித்து, நீர்மட்டத்துக்குப் பக்கத்திலேயே அதையும் ஒரு வரி போடுங்கள்.

கீழ்பவானிப் பாசன விவசாயி,
ஈரோடு மாவட்டம்