பூங்கா வேலை நிறைவு: உறுப்பினர்களுக்குச் செயற்குழுவின் அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பூங்கா வேலை முடிந்துவிட்டது. நடைபாதை, விளக்குகள், ஊஞ்சல், சறுக்குமரம் ஆகியவை, மக்கள் ஒரு பங்கு கட்ட மீதியை அரசு போடும் நமக்கு நாமே திட்டத்தில் நடந்தன. மதிப்பீடு 15 லட்சம் ரூபாய். மூன்றில் ஒரு பங்கான 5 லட்சத்தை நாம் கட்டினோம். அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

நீங்கள் கேட்பதெல்லாம் சுவரைப் பற்றித்தான். அனுமதிக் கடிதம் வாங்கி நம் சொந்தப் பணத்தில் கட்டிய சுற்றுச்சுவர் 4,20,000 ரூபாயில் முடிந்திருக்க வேண்டும், 4,86,000 ஆகிவிட்டது. ‘கட்டியதை இடித்துக் கட்டிய கமிட்டி’ என்று டீக்கடை வரை பேச்சு. ஆமாம், இடித்தோம்.

கிழக்குப் பக்கத்து எல்லைக்கல் பல வருடங்களாகக் காணவில்லை. நில அளவையருக்கு மனுப் போட்டுக் காத்திருந்தோம். அவர் அளந்து தரும்வரை மற்ற மூன்று பக்கங்களை மட்டும் கட்டும்படி ஒப்பந்தக்காரரிடம் சொல்லியிருந்தோம். எழுதிக் கொடுக்கவில்லை, அது செயலாளராகிய என் தவறு. ஒரு கல்யாணத்துக்காக நான் ஊரில் இல்லாத வாரத்தில், பக்கத்து மனைக்காரர் காட்டிய முள்வேலியையே எல்லையாக வைத்து வானம் தோண்டி, 60 அடி நீளத்துக்கு இடுப்பளவு சுவர் எழுப்பிவிட்டார்கள். அளவையர் வந்து அளந்தபோது வேலி நம் பக்கம் 3 அடி தள்ளி நின்றது. அந்த 3 அடியில் ஒரு துவைக்கும் கல்லும் இரண்டு வாழையும்.

‘180 சதுர அடிதானே, விட்டுத் தொலையுங்கள்’ என்று செயற்குழுவிலேயே இருவர் சொன்னார்கள். நம்முடைய நிலமாக இருந்தால் பெருந்தன்மை காட்டியிருக்கலாம். இது மனைப்பிரிவு போட்டபோது, சாலை போக மிச்சத்தில் 10 சதவீதமாக ஒதுக்கி, தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்கப்பட்ட பொதுவெளி. அதைத் தாரை வார்க்க நாம் யார்? மேலும், தப்பான இடத்தில் நிற்கும் வேலி வெறும் வேலி. அங்கே நாமே சுவரை எழுப்பினால், நாளைக்கு அந்தச் சுவரே பக்கத்து மனைக்காரருக்குச் சாட்சி சொல்லும்.

ஒப்பந்தக்காரர் கட்டியதற்கும் இடிப்பதற்கும் சேர்த்து 92,000 கேட்டார். ஒரு ரூபாயும் கிடையாது என்றோம். இரண்டு மாதம் வேலை நின்றது. மழையில் சிமென்ட் மூட்டைகள் கல்லாகிப் போயின. மேஸ்திரி மட்டும் வாரம் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போவார். கடைசியில் கட்டிய கூலி ஒப்பந்தக்காரர் தலையில், பொருள் செலவில் பாதியான 28,000 நம் தலையில் என்று முடிந்தது. இடித்து அள்ள 14,000. சரியான கோட்டில் பழைய குப்பைக்குழி ஒன்று அகப்பட்டதால், கடைக்காலை ஆழப்படுத்த 24,000. ஆக 66,000. அந்தப் பாதியையும் ஏன் கொடுத்தீர்கள் என்பவர்களுக்கு: எழுத்தில் கொடுக்காத பேச்சை எந்த வக்கீலிடம் கொண்டுபோவது?

வாழைக்காரரும் நம் உறுப்பினர்தான். இன்னும் என்னோடு பேசுவதில்லை.

வடமூலையில் பிள்ளையார் கோயில் அல்லது சிறு மண்டபம் என்று வந்த இரண்டு மனுக்களையும் ஏற்கவில்லை. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அந்தப் பகுதிவாசிகளே வழக்குத் தொடுத்தார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டைச் செல்லாதென்றது. மருத்துவமனைக்கே அந்த கதி. பிள்ளையார் நம்மை மன்னிப்பார்.

கொடுத்தவர்கள் பெயரைப் போட வேண்டாம் என்பது பொதுக்குழுத் தீர்மானம். ஆனாலும் ஓய்வூதிய நிலுவையை அப்படியே தந்த இரண்டாம் தெரு ஆசிரியை, சிமென்ட் நனைந்தபின் கேட்காமலேயே பத்து மூட்டை இறக்கிய கடைக்காரர், துபாயிலிருந்து மாதாமாதம் அனுப்பிய நான்காம் தெருத் தம்பி, மரக்கன்றுகள் தந்த மாடிவீட்டுத் தாத்தா, வேலையாட்களுக்கு மோர் கொடுத்த இட்லிக்கடை அம்மா, வாடகைக்கு இருந்தும் சொந்த வீட்டுக்காரர்களைவிட அதிகம் கொடுத்த மூன்று குடும்பங்கள் ஆகியோரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

வரவு 9,92,000. செலவு 9,86,000. மீதி 6,000 வங்கியில். ரசீதுகளும் அளவுப் புத்தகமும் சங்க அறையில் இருக்கின்றன; ஞாயிறு காலையில் யாரும் பார்க்கலாம்.

பூங்கா வாயிற்கதவின் இரண்டாவது சாவியை வைத்திருப்பவர் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடவும்.

செயலாளர்