அந்த 412 கலோரி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடவில்லை என்று திட்டாதே. பையன் ஹாஸ்டலுக்குப் போனால் எனக்கு நேரம் மிச்சமாகும் என்று நினைத்தேன். அந்த நேரமெல்லாம் எங்கே போகிறதென்றே தெரியவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விட்டுக்கொள்ளச் சொல்லி நீ அவர்களோடு மல்லுக்கட்டுவது இங்கே வரைக்கும் கேட்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் விட ஆச்சரியம், நீ ஓடுகிறாய் என்பதுதான். கண்ணெதிரே பஸ் கிளம்பினால்கூட "அடுத்தது வரும், விடுடி" என்று நின்ற ஆளாயிற்றே நீ! ஞாயிற்றுக்கிழமை 16 கிலோமீட்டர் என்று எழுதியிருந்த வரியை இரண்டு தரம் படித்தேன். உன் கையெழுத்தில் 6 எது 16 எது என்று சந்தேகம் வேறு.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். சாயங்காலம் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தாய். வாட்ச் 412 கலோரி என்றது. ஆப் உடனே அதை அன்றைய சாப்பாட்டுக் கணக்கில் கூட்டி, "இன்னும் இவ்வளவு சாப்பிடலாம்" என்று பச்சை நிறத்தில் காட்டிவிட்டது. அதைச் சாப்பிடலாமா, கூடாதா? கூட ஓடுகிறவர்களில் ஒருத்தி சாப்பிடு என்கிறாள், இன்னொருத்தி தொட்டால் டயட்டே வீண் என்கிறாள். இரண்டு பேரையும் நான் குறை சொல்லமாட்டேன், ஏனென்றால் இரண்டு தப்பையும் நானே செய்து பார்த்தவள்.

முதல் தப்பு போன வருடம். டயட் ஆரம்பித்த அன்றைக்கு ஆப் ஒரு கேள்வி கேட்டது: உங்கள் வேலை எப்படி, உட்கார்ந்தே இருப்பவரா, ஓரளவு உடற்பயிற்சி உண்டா? நான் பெருமையாக "ஓரளவு உண்டு" என்று தட்டினேன். அந்த ஒரு தட்டலுக்கு என்ன விலை என்று அப்போது தெரியாது. இந்த ஆப்களில் பெரும்பாலும் ஓடுவது 1990-இல் வந்த மிஃப்லின் சூத்திரம். எடை, உயரம், வயதை வைத்து, சும்மா படுத்துக் கிடந்தாலே உடம்புக்கு ஆகும் செலவைச் சொல்லும். அதை உட்கார்ந்த வேலைக்காரருக்கு 1.2-ஆலும், மிதமாக உடற்பயிற்சி செய்பவருக்கு 1.55-ஆலும் பெருக்குவார்கள். என் 72 கிலோவுக்கு இந்த இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 470 கலோரி வித்தியாசம். அதாவது நான் நடக்கப் போகும் நடையெல்லாம் முதல் நாளே என் கணக்கில் சேர்ந்துவிட்டது. அப்புறம் நடந்துவிட்டு வந்து, வாட்ச் காட்டியதையும் தினமும் சாப்பிட்டேன். ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் வாங்கிய மாதிரி. பதினோரு வாரம் ஒரு நாள் விடாமல் நடந்தேன். எடை 400 கிராம் கூடியிருந்தது. மெஷின்தான் கெட்டுவிட்டது என்று பேட்டரியை மாற்றினேன், போ.

நீ அந்தத் தப்பைச் செய்யவில்லை. ஆப் உனக்கு ஒரு நாளைக்கு 1200 கலோரி போட்டுக் கொடுத்திருப்பதைப் பார்த்தால், உட்கார்ந்த வேலை என்பதைத்தான் தட்டியிருக்கிறாய். அப்படியானால் உன் நடை அந்தக் கணக்கில் இல்லை, தனியாகச் சேர்ப்பது நியாயம்தான். ஆனால் சேர்க்க வேண்டியது 412 இல்லை.

கணக்கை நீயே போட்டுப் பார். சும்மா உட்கார்ந்திருந்தால் ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். வேகமாக நடந்தால் அதைப்போல நான்கு மடங்கு. உன் 64 கிலோவுக்கு 256. அதிலும் 64 கலோரி, நீ நடக்காமல் நாற்காலியில் கிடந்திருந்தாலும் போயிருக்கும். உன் 1200-ஐப் போடும்போதே ஆப் அதை எண்ணிவிட்டது. ஆக நடையால் கூடுதலாக எரிந்தது 190 சொச்சம்தான். உன் வாட்ச் காட்டியதில் பாதிகூட இல்லை. டிரெட்மில் இன்னும் மோசம். கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நடந்தாலும் அது முழு நடைக்கான கணக்கைத்தான் காட்டும்.

வாட்ச் பொய் சொல்கிறது என்று சொல்லவில்லை. இதயத் துடிப்பை அது நன்றாகவே அளக்கிறது, கலோரியைத்தான் ஊகிக்கிறது. 2017-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 60 பேர் கையில் ஏழு விதமான கருவிகளைக் கட்டிச் சோதித்தார்கள். ஏழில் ஆறு, துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் சொல்லிவிட்டன. கலோரியில் மட்டும் இருப்பதிலேயே நல்ல கருவிக்கே சராசரியாக 27 சதவீதம் பிழை. மோசமானதற்கு 93.

இன்னொரு சங்கதியும் உண்டு, என்னை நானே கையும் களவுமாகப் பிடித்தது. நடந்து வந்த நாட்களில் நான் சோபாவை விட்டு எழுந்ததே இல்லை. "கண்ணா, தண்ணி கொண்டா", "கண்ணா, அந்த சார்ஜரை எடு" என்று பையனை விரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் செலவானதை உடம்பு இன்னொரு பக்கம் சத்தமில்லாமல் மிச்சம் பிடித்துவிடுகிறது. 2021-இல் 1,700-க்கும் மேற்பட்டவர்களின் அளவீடுகளை வைத்துப் பார்த்ததில், உடல் உழைப்பில் கூடுதலாக எரிவதில் சராசரியாக 28 சதவீதத்தை உடம்பு வேறு செலவுகளைக் குறைத்து ஈடுகட்டிவிடுகிறது என்று தெரிந்தது. 100 எரித்தால் நாள் முடிவில் கணக்கில் நிற்பது 72. என் விஷயத்தில் பையன் வேறு உதவிக்கு இருந்தான்.

சாப்பிடும் பக்கத்துப் பிழை இதைவிடப் பெரிது. சமையலறையில் ஒரு சின்னத் தராசு வாங்கி வைத்தேன். முதல் நாள் வேர்க்கடலையைப் பாட்டிலிலிருந்து வழக்கம்போல ஒரு கைப்பிடி அள்ளி, வாயில் போடாமல் தராசில் போட்டேன். ஆப்பில் நான் தினமும் எழுதியது 30 கிராம், அதாவது 170 கலோரி. தராசு காட்டியது 52 கிராம். கிட்டத்தட்ட 300. கையை விரித்து விரித்துப் பார்த்தேன், என் கை எப்போது இவ்வளவு பெரிதானது! ஒரு மணி நேர நடையை நாலு நிமிஷத்தில், ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டே தின்று தீர்த்திருக்கிறேன். கரண்டியில் ஊற்றும் எண்ணெயும் இப்படித்தான், ஒரு மேசைக்கரண்டிக்கு 120. நமக்கு மட்டும் இந்த வியாதி என்று நினைக்காதே. 1992-இல் வந்த ஓர் ஆய்வில், எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை இறங்கவில்லை என்று வந்தவர்களை அளந்து பார்த்தார்கள். சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடல் உழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னவர்கள் இல்லை. என்னைப் போலக் கைப்பிடியில் அளந்தவர்களாக இருப்பார்கள்.

இதெல்லாம் தெரிந்ததும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இனி ஒரு கலோரி கூடத் திருப்பிச் சாப்பிடுவதில்லை, சாப்பாடு 1300-ஐத் தாண்டாது, நடை ஒன்றரை மணி நேரம். இதுதான் இரண்டாவது தப்பு. முதல் இரண்டு வாரம் எடை சரசரவென்று இறங்கியது. மூன்றாவது வாரம் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டேன், கண் இருட்டிக்கொண்டு வந்தது. வெயிலிலும் கை சில்லென்று இருந்தது. ராத்திரி தூக்கம் வராமல் போனில் சமையல் வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான், சமையலென்றாலே அலுத்துக்கொள்கிற நான்! ஒரு நாள் ராத்திரி ஒரு மணிக்கு ஜாம் பாட்டிலும் ஸ்பூனுமாக நிற்கும்போது பையன் லைட்டைப் போட்டுவிட்டான். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

பின்னால் ஒரு விஷயம் படித்தேன். 1944, 45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆண்களை ஆறு மாதம் அரைப் பட்டினியில் வைத்து ஆராய்ந்தார்கள். ஒரு நாளைக்குச் சுமார் 1,570 கலோரி, வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. அவர்களுக்கும் எப்போதும் குளிர், எப்போதும் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்களாம். என் ராத்திரி வீடியோக்களுக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் புரிந்தது.

அதனால்தான் உன் ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கவலையாக இருக்கிறது. ஓட்டத்துக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு: ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு கிலோ எடைக்கு, ஒரு கலோரி. 64 கிலோ, 16 கிலோமீட்டர், ஆயிரத்துச் சொச்சம். அன்றைக்கும் நீ சாப்பிடுவது 1200. ஓட்டத்துக்குக் கொடுத்தது போக இதயம், மூளை, ஈரல், தலைமுடி எல்லாவற்றுக்குமாக மிஞ்சுவது 200 கலோரிகூட இல்லை. விளையாட்டு மருத்துவத்தில் இந்த மிச்சத்தைத்தான் பார்க்கிறார்கள். கொழுப்பை விட்டுவிட்டு மீதி உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நாளைக்கு 30 கலோரிக்குக் கீழே பல நாள் போனால், மாதவிடாய் தவறுவது, எலும்பு தேய்வது, அடிக்கடி காய்ச்சல் வருவது எல்லாம் எட்டிப் பார்க்கும் என்று வீராங்கனைகளை எச்சரிப்பார்கள். உனக்கு அந்த மீதி உடம்பு 43 கிலோ என்று வைத்துக்கொண்டால் 1290. பார்த்தாயா, ஓடாமல் படுத்துக் கிடக்கிற நாளிலேயே உன் 1200 அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. இளம் வீராங்கனைகளை வைத்துப் போட்ட கோடு அது, நம் வயதுக்கும் டயட்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் முடி கொட்டுகிறது, இரண்டு மாதமாகத் தீட்டு வரவில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாற்பத்து நான்கில் அதற்கு வேறு காரணமும் இருக்கலாம். டாக்டரைப் போய்ப் பார், ஓடுவதையும் எவ்வளவு சாப்பிடுகிறாய் என்பதையும் மறைக்காமல் சொல்.

நான் இப்போது செய்வது இதுதான். சாதா நடைக்குத் தனியாக எதுவும் எழுதிக்கொள்வதில்லை, பசித்தால் ஒரு பழமோ முட்டையோ. வாட்ச்சுக்கும் ஆப்புக்கும் நடுவே இருந்த இணைப்பைத் துண்டித்துவிட்டேன், அந்தப் பச்சை எண்ணைப் பார்த்தாலே பசிக்கிறது. நடந்ததற்குக் கூலி வாங்குகிற மாதிரி சாப்பிடும் பழக்கம் அதோடு பாதி போயிற்று. உனக்கு நான் சொல்வது கொஞ்சம் வேறு. முதலில் அடிப்படையை 1200-இலிருந்து 1400-க்காவது ஏற்று, அதில் நடை அடக்கம். ஞாயிறு ஓட்டத்துக்கு மேற்கொண்டு ஆறேழு நூறு. ஓடுவதற்கு முன் கொஞ்சம், வந்ததும் கொஞ்சம், மிச்சத்தை மறுநாளைக்கு வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டி ஓடும்போது, மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்தோ சர்க்கரையோ வழியிலேயே உள்ளே போக வேண்டும். அதைப் பாவம் என்று எண்ணாதே, அது வண்டிக்குப் போடும் பெட்ரோல்.

இந்த 1400 சரியா என்று எனக்கும் தெரியாது, ஆப்புக்கும் தெரியாது. உன் எடைதான் சொல்ல வேண்டும். தினமும் காலையில் பார்த்து எழுதி வை, ஆனால் வாரச் சராசரியை மட்டும் நம்பு. நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் ஒரு கிலோ ஏறியிருந்தால் அலறாதே, உழைத்த தசை தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மூன்று வாரத்தில் ஒரு கிலோ இறங்கினால், ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி என்று வைத்து 21-ஆல் வகுத்துப் பார்: தினமும் 370 குறைத்திருக்கிறாய். வாட்ச் என்ன சொன்னது, கைப்பிடி எவ்வளவு பெரிது, சோபாவில் எத்தனை மணி நேரம், எல்லாப் பிழையும் அந்த எண்ணுக்குள் அடங்கிவிடும். உன் உயரத்துக்கும் இந்த ஓட்டத்துக்கும் அந்த வேகமே தாராளம். அதைவிட வேகமாக இறங்கினால் சந்தோஷப்படாதே, கூடச் சாப்பிடு.

எனக்கு மறுபடியும் இறங்க ஆரம்பித்திருக்கிறது, 69-இல் நிற்கிறேன். முழங்கால் மட்டும் படியிறங்கும்போது கிரீச் என்கிறது. அடுத்த மாதம் பையன் லீவுக்கு வருகிறான், ஜாம் பாட்டிலை ஒளித்து வைக்கட்டுமா என்று போனில் கேட்கிறான், கொழுப்பைப் பார்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுது, என்னைப் போல மூன்று வாரம் தள்ளாதே. வரும் ஞாயிறு ஓடி முடித்ததும் என்ன சாப்பிட்டாய் என்பதையும் எழுது, இந்தத் தடவை ஓரத்தில் வேண்டாம், நடுவில், பெரிய எழுத்தில்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்