கீழே இருந்து கேட்கப் பழகுகிறேன்

வியன்னா,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அக்கா,

நான் நலம். நீ, அத்தான், பிள்ளைகள் எல்லாரும் நலம்தானே? இங்கே இப்போது நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. மருத்துவமனையில் பகல் ஷிப்ட் முடித்து வெளியே வந்தால் ராத்திரி. வந்த புதிதில் இந்த இருட்டு நெஞ்சை அடைத்தது. இப்போது அப்படி இல்லை. வேலை முடிந்து போவதற்கு எனக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

போன வாரம் போனில், "ஓபராவில் எல்லாரும் ஏன் அப்படிக் கத்துகிறார்கள்?" என்று கேட்டாய். நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஓபரா என்பது முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகம். நான் போவது இங்குள்ள அரசு ஓபரா அரங்கத்துக்கு. 1869-ல் திறந்தது. 1945-ல் குண்டு விழுந்து எரிந்து, பத்து வருடம் கழித்து 1955-ல் மறுபடி திறந்தார்கள். நின்றுகொண்டு பார்க்கவும் அங்கே இடம் உண்டு. முன்பெல்லாம் கம்பியில் கழுத்துத் துணியைக் கட்டி வைத்து இடம் பிடிப்பார்களாம். பாடும் வரிகளின் பொருள் எதிரே சின்னத் திரையில் ஓடும். முதல் சில தடவை அதையே படித்துக்கொண்டிருந்து பாட்டைக் கோட்டை விட்டேன். இப்போது கதையை முன்பே படித்துவிட்டுப் போகிறேன்.

அக்கா, அது கத்தல் இல்லை. அங்கே மைக் கிடையாது. கீழே குழியில் பெரிய வாத்தியக் குழு வாசிக்கிறது, அதைத் தாண்டி ஒரே தொண்டை கடைசி வரிசை வரை போய்ச் சேர வேண்டும். வாத்தியக் குழுவின் ஒலி வலு அதிகமாக இருப்பது 500 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 500 அதிர்வு, பக்கம். மேலே போகப் போக அது குறைந்துவிடும். பயிற்சி பெற்ற பாடகர்கள், முக்கியமாக ஆண் குரல்கள், குரல்வளையைத் தாழ்த்தித் தொண்டையைத் திறந்து, 3000 ஹெர்ட்ஸ் பக்கம் தங்கள் ஒலியைக் குவிக்கிறார்கள். வாத்தியங்கள் ஓய்கிற இடம் அது, நம் காது கூர்மையாகக் கேட்கிற இடமும் அதுதான். அந்த உலோகம் போன்ற மினுக்கம்தான் உனக்குக் கத்தல் மாதிரிப் பட்டிருக்கிறது. இன்னொன்று, அவர்கள் குரல் நடுங்குவதைக் கமகம் என்று நினைத்துவிடாதே. அது ஒரே ஸ்வரத்தைச் சுற்றி, நொடிக்கு ஐந்தாறு முறை, ஒரே சீராக அசைகிற அசைவு. நம் கமகம் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய் வரும். இது நின்ற இடத்திலேயே மின்னும்.

அண்மையில் அங்கே கேட்டது இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'ரிகோலெட்டோ' என்ற ஓபரா. 1851-ல் வெனிஸில் முதலில் மேடையேறியது. மூன்றாம் அங்கத்தில் நாலு பேர் பாடும் ஓர் இடம் வருகிறது. சத்திரத்துக்கு உள்ளே பிரபு ஒரு பெண்ணிடம் சரசம் பேசுகிறான். வெளியே, அவனையே நம்பியிருக்கும் பெண், சுவரின் விரிசல் வழியாக இதைப் பார்க்கிறாள். பக்கத்தில் அவள் அப்பா. பிரபுவின் பாட்டு நீளமாக, எண்ணெய் வார்த்தாற்போல ஓடுகிறது. உள்ளே இருப்பவள் துண்டு துண்டான குட்டி ஸ்வரங்களில் சிரிக்கிறாள். வெளியே நிற்பவளின் வரி மேலிருந்து கீழே விழுகிறது, விழும்போதே விம்மலில் உடைகிறது. அப்பா அடியில் கறுவிக்கொண்டே இருக்கிறார். ஆசை, கேலி, அழுகை, வன்மம் எல்லாம் ஒரே நேரத்தில், ஒன்றோடொன்று இசைந்து! நாலு பேர் ஒரே சமயத்தில் பேசினால் ஒன்றும் புரியாது. பாடினால் நாலும் தனித்தனியாகக் கேட்கிறது. ஒரு குரலின் பின்னாலேயே போய்ப் பழகிய காது நமக்கு. எனக்கு முதலில் மேலே இருந்த பெண் குரல் மட்டும்தான் கேட்டது.

காதைத் திறந்துவிட்டது என் அறை நண்பன். அவன் ஒரு ராக் குழுவில் பேஸ் கிட்டார், அதாவது கீழ் ஸ்வரங்களுக்கான கிட்டார், வாசிக்கிறான். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "பாடுபவனை விடு, அடியில் என்ன நடக்கிறது என்று கேள்" என்றான். பிங்க் ஃப்ளாய்ட் என்ற ராக் குழுவின் 'மணி' (Money, பணம்) என்ற பாட்டைப் போட்டான், 1973-ல் வந்தது. காசு குலுங்கும் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமுமே தாளமாகத் தொடங்குகிறது, பிறகு பேஸ் நுழைகிறது. தொடையில் நாலு நாலாகத் தட்டினேன், இடறியது. இரண்டாவது தடவை விரல் தானாகவே மிஸ்ர சாப்பு போட்டது. தகிட தகதிமி, தகிட தகதிமி. ஏழு! அக்கா, நீ எனக்கு ஏழு வயதில் போட்டுக் காட்டிய தாளம், ஒரு ராக் பாட்டின் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டு பெரும்பாலும் ஏழிலேயே நடக்கிறது, சாக்ஸஃபோன் தனி வாசிப்புகூட ஏழில்தான். ஆனால் கிட்டார் தனியாக எழும்போது தாளம் நாலுக்கு மாறிவிடுகிறது. மேடு பள்ளத்தில் ஓடின வண்டி தார்ச்சாலை ஏறின மாதிரி இருக்கும். கிட்டார் நடுவில் ஒரு சுற்று எதிரொலியெல்லாம் வற்றிப்போய், காதருகே வாசிப்பது போல வரும். அந்த இடத்தைத் தவறவிடாதே.

அப்புறம் லெட் செப்பலின் என்ற இன்னொரு ராக் குழுவின் 'காஷ்மீர்' பாட்டைப் போட்டான். கிட்டார் மூன்று மூன்றாகப் போகிறது, டிரம்ஸ் நாலு நாலாக அடிக்கிறது, பன்னிரண்டில் இரண்டும் சந்திக்கின்றன. இதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை, கேட்ட உடனே சிரிப்பாய்.

ராக்கில் மைக் இருப்பதால் முணுமுணுப்பதுகூடப் பாட்டாகிவிடுகிறது. அங்கே கேட்க வேண்டியது குரலின் வலு அல்ல, மூச்சும் கரகரப்பும்தான். இதுவும் எனக்குப் பிடித்திருக்கிறது.

முந்தாநாள் மறுபடி 'ரிகோலெட்டோ' போனேன். இந்த முறை அந்த நால்வர் பாட்டில் அப்பாவின் குரலை மட்டும் பிடித்துக்கொண்டேன். அது அசையாமல் கீழே கிடக்க, மற்ற மூன்றும் அதன் மேல் தாமாகவே பிரிந்து நின்றன. அடுத்து வருகிற புயலில், திரைக்குப் பின்னால் ஆண்கள் வாயை மூடி ஹம் செய்கிறார்கள், காற்று ஊளையிடுவது போல. போன தடவை அதை ஏதோ கருவி என்று நினைத்திருந்தேன். பிரபுவைக் கொல்ல அப்பா ஆள் வைத்திருக்கிறார். கடைசியில், தன்னிடம் வந்த கோணியில் கிடப்பது பிரபுவின் பிணம் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கும்போது, தூரத்தில் பிரபு தன் பழைய பாட்டையே உல்லாசமாகப் பாடிக்கொண்டு போவது கேட்கிறது. ஒரு மெட்டு திரும்பி வந்ததிலேயே, பிரபு சாகவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. கோணியில் இருப்பது அவர் மகள். என் பக்கத்தில் நின்ற கிழவர், அந்தப் பாட்டு தொடங்கியதுமே கண்ணை மூடிக்கொண்டார்.

நால்வர் பாட்டின் பதிவும் 'மணி'யும் உனக்கு அனுப்பியிருக்கிறேன். ஹெட்போன் போட்டு, கையில் தாளத்தோடு கேள். 'மணி'யில் எங்கே நாலுக்கு மாறி, எங்கே மறுபடி ஏழுக்கு வருகிறது என்று குறித்து எழுது. நான் குறித்ததை மடித்து வைத்திருக்கிறேன், ஒத்துப்பார்க்கலாம்.

உன் தம்பி