தோட்டத்து மண்ணுக்கு ஓய்வு வேண்டாம்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கும், மாடி மாடியாக இருக்கும் அண்ணன் அக்காமாருக்கும் வணக்கம்.

பின்பக்கத் தோட்டத்தை வழித்தெடுத்து, வேலியோரப் பூவரசையும் வெட்டிவிட்டு, ஐப்பசி மழை வரை நிலத்தைச் சும்மா போடுவது என்று போன ஞாயிறு முடிவு செய்தீர்கள். தண்ணீர் லாரிக் காசு மிச்சம், மண்ணுக்கும் ஓய்வு என்றீர்கள். காசு விஷயம் சரி. அந்த ஓய்வுதான் எனக்கு ஒப்பவில்லை. கூட்டத்தில் எழுந்து பேசக் கூச்சம், அதனால் எழுதுகிறேன்.

நான் சவூதியில் அல் அஹ்ஸா பக்கம் 11 வருடம் வேலை பார்த்தவன். சுமார் 25 லட்சம் பேரீச்சை நிற்கும் சோலை அது; 2018-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தோப்புக்கு வெளியே அள்ளிய மணல் விரலிடுக்கில் ஓடிவிடும். உள்ளே அள்ளினால் கையில் ஒட்டும். ஒரே பாலைவனம்தான், நடுவில் இருப்பது மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த விவசாயம்.

மண் நயம் என்பது மணல், வண்டல், களி மூன்றும் கலந்திருக்கும் விகிதம். மணல் துகள் 2 மில்லிமீட்டர் வரை இருக்கும். களித் துகள் 0.002-க்கும் கீழே. குப்பை எரு போட்டால் மண் கறுக்கும், ஈரம் பிடிக்கும், ஆனால் இந்த விகிதம் மாறாது. வேறெங்கும் ஓர் ஆயுளில் அதை மாற்றுவது கஷ்டம். பாலைவனச் சோலையில் மாறுகிறது. வடமேற்குச் சீனாவின் ஹெக்ஸி பகுதியில் ஆற்று நீர் பாய்ச்சும்போது அதோடு நுண்மண்ணும் வந்து வயலில் படிகிறது. மண் கலந்த தொழுவெரு போடுகிறார்கள். காற்றுத் தடுப்பாக நட்ட நெட்டிலிங்கம் போன்ற பாப்ளர் மரங்களும் பயிரும், பறந்து வரும் தூசியைப் பிடித்துவைக்கின்றன. உழுது பயிரிட்ட வருடங்கள் கூடக் கூட மணல் பங்கு குறைந்து, வண்டலும் களியும் ஏறுகின்றன.

அப்புறம் மறுபக்கம். பயிர் இல்லாமல் வெறுமனே கிடக்கும் வயலில் காற்று முதலில் தூக்குவது அந்த நுண்துகளைத்தான். கனமான மணல் மட்டும் தங்கும். பல வருடச் சேமிப்பு, சில பருவத்துக் காற்றில் போய்விடும்.

நம் திருவொற்றியூர் மண்ணும் அடியில் கடல் மணல்தானே! எட்டு வருடத்துக்கு முன் ஏரி வண்டல் நாலு லோடு கொண்டுவந்து கொட்டினோம், காசிமேட்டு மீன் கழிவில் வெல்லம் போட்டு ஊற்றினோம் (நாற்றத்துக்கு யார் யார் சண்டை போட்டீர்கள் என்பது ஞாபகம் இருக்கிறது). போன வாரம் தோட்டத்து மண்ணை ஒரு பாட்டிலிலும், வாசல் மண்ணை இன்னொன்றிலும் போட்டு நீர் விட்டுக் குலுக்கி வைத்தேன். வாசல் மண் உடனே படிந்து தண்ணீர் தெளிந்துவிட்டது. தோட்டத்து மண்ணில் மணலுக்கு மேல் ஒரு விரல் கனத்துக்கு மாவு போன்ற படிவு.

சித்திரை, வைகாசியில் மத்தியானத்துக்கு மேல் இங்கே கடல்காற்று எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் பூவரசை விட்டுவையுங்கள். காய்கறிக்குப் பதில் தட்டைப்பயறு விதைத்தால் தண்ணீர் கொஞ்சம் போதும். மீதி இடத்தில் தென்னை மட்டை பரப்பலாம். ஆர்.ஓ. கழிவு நீரை மட்டும் ஊற்றாதீர்கள், உப்பு ஏறிவிடும்.

வருகிற ஞாயிறு கூட்டத்துக்கு இரண்டு பாட்டிலையும் எடுத்து வருகிறேன். யாரும் குலுக்கிவிடாதீர்கள், தெளிய ஒரு நாள் ஆகும்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடிக்காரன்