உண்டியலுக்கு இடம் கொடுத்தவர்களுக்கும் வேட்டி கொடுத்தவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

ஜனவரி 15 கேரளத்தில் பாலியேட்டிவ் தினம்; குணமாக்க முடியாத நோயிலும் வலியையும் வேதனையையும் தணிக்கிற பராமரிப்புக்கான நாள். பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் படுத்த படுக்கையாய் இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற நாங்கள், உங்களுக்கு நன்றி சொல்ல இதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

முதல் நன்றி, டீக்கடையிலும் பேக்கரியிலும் கல்லாவுக்குப் பக்கத்திலேயே எங்கள் உண்டியலுக்கு இடம் கொடுத்தவர்களுக்கு. நாட்டில் பெரிய கொடைகள் உண்டு. 1932-இல் தொடங்கிய சர் தோராப்ஜி டாட்டா அறக்கட்டளையால்தான் 1941-இல் மும்பையில் டாட்டா புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. பெரிய கம்பெனிகள் தங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2014 முதல் சட்டமே இருக்கிறது. அந்தப் பணத்தில் கட்டடம் வரும், ஆம்புலன்ஸ் வரும். “இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று அனுப்பப்பட்டவர் வீட்டுக்கு வாராவாரம் வண்டி போக டீசல், கையுறை, சிறுநீர் வெளியேற்றும் குழாயான கதீட்டர் எல்லாம் வேண்டுமே; அதற்கு மாதம் தவறாத சில்லறைதான் கைகொடுக்கிறது. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய இந்தப் பணி ஊர் ஊராகப் பரவியதும் அந்தச் சில்லறையை நம்பித்தான்.

உண்டியலை எப்போதும் இருவராகத்தான் திறக்கிறோம். கடைக்காரர் முன்னால் எண்ணி, அங்கேயே ரசீது. தொகையாகத் தருபவர்களுக்கு ஒரு வார்த்தை: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடைக்காது. வங்கி வழியாக அனுப்பி, பான் எண்ணையும் சொல்லிவிடுங்கள்.

படுக்கைப்புண் வராமல் இருக்க, மோட்டாரால் காற்று ஏறி இறங்குகிற காற்றுப் படுக்கை வாங்கித் தந்த குடும்பங்களுக்கு நன்றி. மோட்டாரைப் பழுது பார்த்துத் தரும் எலக்ட்ரீஷியன்களுக்கு அதைவிட ஒரு பங்கு கூடுதல் நன்றி. படுக்கை கெடுவது பெரும்பாலும் சின்னக் காரணத்தால்தான்: குழாய் கட்டில் சட்டத்தில் மடங்கிக்கொள்ளும், ஊக்கு குத்திவிடும். மெத்தென்று இருக்கட்டும் என்று மேலே கம்பளியை மடித்துப் போட்டால் காற்று மாறி மாறி ஏறி இறங்குவது உடம்புக்கு எட்டாது. ஒரே ஒரு மெல்லிய விரிப்பு போதும். காற்றுப் படுக்கை இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தே ஆகவேண்டும். கரண்ட் போன இரவில் இதை மறந்தால் விடியும்போது இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்திருக்கும். படுக்கைப்புண்ணின் தொடக்கம் அதுதான்.

கடும் வலிக்குத் தருகிற மார்ஃபின் மாத்திரையின் வேளை அட்டவணையைத் தமிழில் அச்சிட்டுத் தந்த அச்சகத்தாரை மறக்கவே முடியாது. இங்கே பல வீடுகளில் மலையாளம் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. சீட்டு மலையாளத்தில் இருந்ததால் வேளை தவறியது. இப்போது காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10 என்று சூரியனும் நிலாவும் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது. வலி வரட்டும், அப்புறம் கொடுக்கலாம் என்று காத்திருந்தால் வலி முந்திக்கொள்ளும். மார்ஃபினால் மலச்சிக்கல் வரும் என்பதால் கூடவே தருகிற மலமிளக்கி மாத்திரைக்கும் அதில் தனிக் கட்டம் உண்டு. அதை விட்டுவிட்டு, நாலு நாள் மலச்சிக்கல் என்றதும் வலி மாத்திரையையே நிறுத்திவிடுகிற வீடுகள்தான் அதிகம். நிறுத்தினால் வலி திரும்பிவிடும்.

பழைய பருத்தி வேட்டி கொடுத்த அம்மாக்களுக்கும் அக்காக்களுக்கும் நன்றி. பாலியஸ்டர் கலந்தது ஈரத்தை உறிஞ்சாது. எவ்வளவு புதிதானாலும் ஒதுக்கத்தான் வேண்டியிருக்கிறது. மிச்ச மாத்திரை தருபவர்கள், காலாவதித் தேதி இருக்கிற பக்கத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள். தேதி தெரியாத அட்டையை யாருக்கும் கொடுக்க மாட்டோம். திறந்த சிரப்பும் வேண்டாம்.

கடைசியாக, எங்களைக் கூப்பிட்டனுப்பாமலே படுக்கையைத் திருப்பித் தந்த வீடுகளுக்கு. காரியம் முடிந்த கையோடு, சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, குழாயைச் சுருட்டி, மோட்டார் வயரை நூலால் கட்டிக் கொண்டுவந்து இறக்கினீர்கள். அந்தப் படுக்கை அநேகமாக மறுநாளே இன்னொரு கட்டிலுக்குப் போயிருக்கும்.

நன்றியுடன்,
வீட்டுப் பராமரிப்புத் தன்னார்வலர்கள்,
கொழிஞ்சாம்பாறை வட்டாரம்